பந்தயங்களுக்கு இடையில் சஸ்பென்ஷனில் மறைந்திருக்கும் சேதத்தைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியை அடுத்துள்ள என் பட்டறைக்கு இரண்டு வகையினர் வருகிறார்கள். ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்காக வண்டியைத் தாங்களே வடிவமைத்துத் தாங்களே கட்டும் பொறியியல் மாணவர்கள் ஒரு வகை. ஒன்றிரண்டு ஒற்றை இருக்கை வண்டிகளை வைத்துக்கொண்டு சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓட்டும் சிறிய அணியினர் மற்றொரு வகை. ஒரு பந்தயம் முடிந்து அடுத்த பந்தயம் வருவதற்குள் சஸ்பென்ஷனில் எதை, எப்படிப் பார்ப்பது என்று இரு தரப்பினரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். இரட்டை விஷ்போனும் புஷ் ராடும் கொண்ட, சக்கரங்கள் வெளியே தெரியும் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியவை இவை. விஷ்போன் என்பது சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும், இரண்டு கால்கள் கொண்ட V வடிவக் குழாய்க் கை. புஷ் ராடு என்பது சக்கரத்தின் அசைவை ராக்கர் என்னும் நெம்புகோல் வழியாக ஸ்பிரிங்குக்கும், அதிர்வை அடக்கும் டேம்பருக்கும் கடத்தும் தண்டு.

வண்டி எங்கும் மோதவில்லை, ஓட்டுநரும் குறை எதுவும் சொல்லவில்லை. அப்போதும் சோதிக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். கட்டட வேலையில் கட்டுக்கம்பியைக் குறடு இல்லாமல் ஒடிக்க நேர்ந்தால், அதை முன்னும் பின்னுமாக நாலைந்து முறை மடக்குவார்கள். எவ்வளவு பலமாக இழுத்தாலும் அறாத கம்பி அந்த மடக்கில் அறுந்துவிடும். சஸ்பென்ஷனில் நடப்பது இதன் மிக மெதுவான வடிவம். அங்கே உலோகம் கண்ணுக்குத் தெரியும்படி வளைவதுகூட இல்லை. பிரேக் பிடிக்கும்போதும், திருப்பத்தில் சாயும்போதும், சக்கரம் தடத்தின் ஓர மேடான கெர்பின் மேல் ஏறி இறங்கும்போதும் விஷ்போனின் கால்கள் இழுபட்டும் அமுங்கியும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இப்படிப் பல்லாயிரம் முறை நடக்கையில், வெல்டிங்கின் ஓரம், மரையின் பள்ளம், ஸ்பேனர் வழுக்கியதால் விழுந்த கீறல் என விசை குவியும் ஏதேனும் ஓரிடத்தில் மயிரிழை அளவு விரிசல் தொடங்கி, பல பந்தயங்கள் வரை மெல்ல வளர்ந்து, மிஞ்சிய உலோகத்தால் சுமையைத் தாங்க முடியாத கட்டத்தில் ஒரு நொடியில் முறிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சுற்று வரை வண்டி நன்றாகவே ஓடியிருக்கும் என்பதால், ஓட்டுநர் குறை சொல்லவில்லை என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

மோதல் இல்லாமலே சஸ்பென்ஷன் முறியும் என்பதற்கு உலகமே பார்த்த சான்று ஒன்று உண்டு. 2005 மே 29 அன்று நியூர்பர்க்ரிங்கில் நடந்த ஃபார்முலா ஒன் ஐரோப்பிய கிராண்ட் பிரியில் முன்னிலையில் ஓடிய கிமி ரைக்கோனனின் வண்டியில், சக்கரம் பூட்டிக்கொண்டதால் முன் வலது டயரின் ஒரு பகுதி தட்டையாகத் தேய்ந்துவிட்டது. டயர் மாற்றத்தை விதிகள் கட்டுப்படுத்தியிருந்த ஆண்டு அது. ஆகவே அதே டயரில் அவர் தொடர்ந்து ஓட்டினார். சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போன அதிர்வைத் தாங்காமல் கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் முன் சஸ்பென்ஷன் முறிந்தது. வெற்றி பெர்னாண்டோ அலோன்சோவுக்குப் போனது. டயர் தட்டையாகத் தேய்ந்து வந்த வண்டியை, மோதி வந்த வண்டியைப் போலவே நான் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

சோதனையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கழுவுவதற்கு முன்பிருந்து. பட்டறைக்கு வந்ததும் அழுத்த நீரைப் பாய்ச்சுகிறவர்கள் முதல் சான்றைத் தாங்களே கழுவி அனுப்பிவிடுகிறார்கள். பேரிங்குகளுக்குள்ளும் நீர் புகுந்துவிடுகிறது. அழுக்கோடு இருக்கும்போதே டார்ச்சு விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். எஃகில் விரிசல் இருந்தால் அதிலிருந்து பழுப்பு நிறக் கசிவு நூல் போல இறங்கியிருக்கும். இறுகியிருக்க வேண்டிய இரண்டு பரப்புகளுக்கு இடையில் அசைவு இருந்தால், அலுமினியமாயின் சாம்பல் நிறப் பொடியும் எஃகாயின் செம்பழுப்புப் பொடியும் அந்த ஓரத்தில் படிந்திருக்கும். மற்ற இடமெல்லாம் தூசு படிந்திருக்க, ஒரு பிராக்கெட்டின் ஓரம் மட்டும் சுத்தமாகப் பளபளத்தால், அங்கே ஏதோ உரசியிருக்கிறது என்று பொருள்.

இவற்றைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் பனியன் வேஸ்ட்டும் எடுத்துக் கையால் துடைக்க வேண்டும். ஒரு விஷ்போனைத் துடைக்கும் கை அதன் முழு நீளத்தையும் தடவிப் பார்த்துவிடுகிறது. கண்ணுக்குத் தப்பிய நெளிவு விரலுக்கு அகப்படும். இந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் தள்ளிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. என் பட்டறையில் வண்டியை மூத்தவர்தான் துடைப்பார்.

அளவுகளை எழுதிவைக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்? எந்த அளவுகளை எடுப்பது?

இரண்டு மில்லிமீட்டர் வளைந்த குழாயைத் தனியாகப் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. பந்தயத்துக்கு முன் என்ன அளவு இருந்தது என்பது தெரிந்தால் பத்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மறைந்திருக்கும் சேதத்தைக் கண்டுபிடிப்பது என்பது பெரும்பாலும் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடுவதுதான். ஆகவே, வண்டி நல்ல நிலையில் இருக்கும் நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குங்கள்.

முதலில் தரையைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த மேடை எதுவும் தேவையில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல், அதாவது நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், போதும். நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களைக் குழாய் வைத்து ஒப்பிட்டு, தாழ்ந்த இடத்தில் தகட்டுத் துண்டுகளையோ டைல்ஸ் துண்டுகளையோ அடுக்கி, ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, பெயிண்டால் குறியிட்டுவிடுங்கள். அதன் பிறகு எப்போதும் அதே குறிகளின் மேல்தான் வண்டி நிற்க வேண்டும். டயர்களில் ஒரே காற்றழுத்தம் இருக்க வேண்டும். ஓட்டுநரின் எடைக்குச் சமமான மணல் மூட்டை இருக்கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் எண்கள் பொய் சொல்லும்.

பிறகு எடுக்க வேண்டியவை: இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் முன் ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) மையத்துக்கும் பின் ஹப் மையத்துக்கும் உள்ள தூரம், நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து சட்டகத்தின் உயரம், நான்கு சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் அது சாய்ந்திருக்கும் கோணம்), ஒவ்வொரு புஷ் ராடின் மைய நீளம், எடைமேடை கிடைத்தால் நான்கு மூலைகளின் எடை. டோவுக்கு வண்டியின் இருபுறமும் நைலான் நூலை இணையாகக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை எஃகு ஸ்கேலால் அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் எடுக்கலாம்.

எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு பக்கத்தின் ஹப் தூரம் மட்டும் குறைந்திருந்தால், அந்தப் பக்கத்து முன் கீழ் விஷ்போனின் பின்கால் அமுங்கியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பிரேக் விசையும் முன்னிருந்து வரும் இடியும் கீழ் விஷ்போனைப் பின்னோக்கித் தள்ளும்போது, முன்கால் இழுபடுகிறது, பின்கால் அமுக்கப்படுகிறது, மெல்லிய நீண்ட குழாய் அமுக்கத்தில்தான் எளிதாக வளைகிறது. குறுக்கு மூலை எடைகள் மாறியிருந்தால், எங்கோ ஒரு புஷ் ராடு வளைந்து குட்டையாகியிருக்கலாம், அல்லது ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். யாரும் கை வைக்காமல் டோ ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறியிருந்தால், காரணம் தெரியும்வரை நான் அதைத் திரும்பச் சரிசெய்வதில்லை. சரிசெய்துவிட்டால் கிடைத்த ஒரே தடயமும் அழிந்துவிடும்.

விரிசல் பெரும்பாலும் எங்கே வரும்?

வெல்டிங்கின் நடுவில் தேடுகிறவர்கள் அதிகம். வருவதோ வெல்டிங்கும் குழாயும் சந்திக்கும் ஓரத்தில். அங்கே வடிவம் திடீரென மாறுவதால் விசை குவிகிறது. வெப்பத்தால் உலோகத்தின் தன்மையும் மாறியிருக்கிறது. ராட் எண்டில் (குழாயின் முனையில் மரையால் பூட்டப்படும், உறைக்குள் குண்டு சுழலும் மூட்டு) அதை இறுக்கும் ஜாம் நட்டை ஒட்டிய முதல் மரை, அலுமினிய அப்ரைட்டில் (ஹப்பைத் தாங்கி விஷ்போன்களோடு இணையும் பாகம்) பிரேக் காலிப்பர் பூட்டும் காதுகளின் அடி, சட்டகத்தில் விஷ்போன் பிராக்கெட் ஒட்டும் மூலை, ராக்கரின் போல்ட் துளைகளைச் சுற்றிய வட்டம் ஆகியவை அடுத்து வரும் இடங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்து, சரி என்று சொல்லி அனுப்பிய ஒரு மாணவர் வண்டியின் முன் இடது கீழ் விஷ்போன், பயிற்சிச் சுற்றில் பிரேக் பிடித்த இடத்தில் முறிந்து, சக்கரம் உட்புறமாக மடங்கிவிட்டது. ஓட்டிய பெண்ணுக்குக் காயம் இல்லை. முறிந்த துண்டைப் பட்டறைக்கு எடுத்துவந்து துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். குழாயின் வாயில் ஏறக்குறைய பாதி வட்டம் கறுத்து, வழுவழுப்பாக, கிளிஞ்சலின் முதுகில் இருப்பது போன்ற வளைகோடுகளோடு இருந்தது. மீதிப் பாதி மட்டுமே உடைத்த கற்கண்டு போலப் பளபளத்தது. அன்று உடைந்தது அந்தப் பளபளத்த பாதி மட்டும்தான். கறுத்த பாதி அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே உடைந்திருந்தது, நான் கையால் தடவிப் பார்த்த நாளிலும் உடைந்தேதான் இருந்தது. அதன் மேலே கெட்டியான கறுப்புப் பவுடர் கோட்டிங் கிழியாமல் படர்ந்து விரிசலை மூடியிருந்தது.

அதற்குப் பிறகு விஷ்போன்களுக்குப் பவுடர் கோட்டிங் செய்ய நான் ஒப்புவதில்லை. வெளிர் சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் மெல்லிய ஒரே பூச்சு பெயிண்ட் போதும். அடியில் உலோகம் பிளந்தால் பெயிண்டும் சேர்ந்து பிளக்கும். வெள்ளையில் கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும். வண்டி அழகாக இல்லை என்று மாணவர்கள் வருந்துவதுண்டு. அந்த வருத்தத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

விரிசலைச் சாயத்தால் காட்டும் டை பெனட்ரண்ட் சோதனையை நாங்களே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். துப்புரவுத் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என மூன்று ஸ்பிரே டப்பாக்கள் கொண்ட தொகுதியாகக் கடைகளில் கிடைக்கிறது. உதிரிபாகத்தைக் கழற்றி, பெயிண்டை இரசாயன ரிமூவரால் நீக்கி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து உலரவிட வேண்டும். அலுமினியத்தில் கம்பி பிரஷ்ஷையோ மணல் பிளாஸ்டிங்கையோ பயன்படுத்தக் கூடாது. மென்மையான உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும், பிறகு சாயம் உள்ளே போகாது. சாயத்தைப் பூசி, டப்பாவில் குறித்துள்ள நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். குறைந்தது 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய விரிசலைத் தேடும்போது நான் அரை மணி வரை விடுவதுண்டு.

பெரும்பாலானவர்கள் தவறு செய்வது அடுத்த படியில். மேலே நிற்கும் சாயத்தை நீக்கத் துப்புரவுத் திரவத்தை நேராகப் பாகத்தின் மேல் அடித்தால், விரிசலுக்குள் போன சாயமும் கரைந்து வெளியேறி, பாகம் பழுதற்றது போலத் தோன்றும். முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு துணியில் சிறிது திரவத்தை அடித்து அந்தத் துணியால் துடைக்க வேண்டும். அதன் மேல் டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்துப் பத்து நிமிடம் பொறுங்கள். விரிசல் இருந்தால் வெண்மையின் மேல் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வரும். வெல்டிங்கின் சொரசொரப்பில் தேங்கிய சாயம் திட்டாகப் பரவும். விரிசலோ கூர்மையான கோடாக நிற்கும். ஐயமாக இருந்தால் துடைத்துவிட்டு முதலிலிருந்து மீண்டும் செய்யுங்கள்.

நம் ஊரில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பொதுவாகப் பயன்படும் சாயங்களுக்கு உலோகத்தின் வெப்பநிலை 5 முதல் 52 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. வேலூரின் கத்திரி வெயிலில் வெளியே கிடக்கும் எஃகுத் துண்டு கையால் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும்; அந்தச் சூட்டில் சாயம் விரிசலுக்குள் இறங்குமுன் உலர்ந்துவிடும். மே மாதத்தில் இந்தச் சோதனையை நான் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன். இந்த டப்பாக்களில் இருப்பவை எளிதில் தீப்பற்றுபவை என்பதால், பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டிங்கோ நடக்கக் கூடாது, அறையில் காற்றோட்டமும் இருக்க வேண்டும்.

காந்தத் துகள் சோதனை இதைவிடச் சிறந்ததா?

எஃகுக்கு மட்டும் சிறந்தது. பாகத்தைக் காந்தமாக்கி இரும்புத் துகளைத் தூவினால், விரிசல் இருக்கும் இடத்தில் துகள் கூடி நிற்கும். சாயம் மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலை மட்டுமே காட்டும்; காந்தத் துகள் மேற்பரப்புக்குச் சற்று அடியில் இருக்கும் விரிசலையும் காட்டும், வேலையும் விரைவில் முடியும். அலுமினியத்தில் இது எடுபடாது. இதைச் செய்யத் தெரிந்தவர்களைத் தேடி நாம் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. பெல் (BHEL) நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவித் தொழிற்சாலை ராணிப்பேட்டையில் இருப்பதால், வெல்டிங் சோதனை என்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிப்போன தொழில். கழற்றிய விஷ்போன்களைச் சுத்தம் செய்து, பெயிண்ட் நீக்கி எடுத்துப்போனால் அவர்களுடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும். சோதனைக்குப் பிறகு காந்தத்தை நீக்கித் தரும்படி மறவாமல் கேளுங்கள். இல்லாவிட்டால் இரும்புத் துகள்களெல்லாம் ராட் எண்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

ராட் எண்டில் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?

என் கணக்கில், கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அந்த ராட் எண்டின் காலம் முடிந்தது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் மேலும் கீழும் பிடித்து அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு ராட் எண்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். உறைக்கும் குண்டுக்கும் இடையில் ஏற்படும் மெல்லிய தட்டலை விரல் நுனி உடனே உணரும். இதில் ஒருவரே இரண்டு வேலையையும் செய்ய முயன்றால் எதுவும் தெரியாது. மேல்கீழாக அசைத்தாலும் பக்கவாட்டில் அசைத்தாலும் ஆட்டம் ஒன்றுபோல இருந்தால் வீல் பேரிங்கையும், பக்கவாட்டில் மட்டும் இருந்தால் ஸ்டீயரிங் இணைப்புகளையும் சந்தேகிக்கலாம். ஓர் உதவியாளர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதும் ஆட்டம் அப்படியே இருந்தால், அது பெரும்பாலும் பேரிங்கில் இல்லை, இணைப்புகளில்தான் இருக்கிறது.

உள்ளே டெஃப்லான் படலம் வைத்த ராட் எண்டுகளுக்கு எண்ணெய் போடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் கெடுதல். எண்ணெய் தூசை இழுத்துப் பிடித்து, அந்தத் தூசு உப்புத்தாள் போலப் படலத்தை அரித்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். குண்டு உறையை விட்டுக் கழன்றாலும் இணைப்பு பிரிந்துவிடாதபடி, உறையின் உள்விட்டத்தைவிடப் பெரிய வாஷர் இருக்க வேண்டும், அல்லது பிராக்கெட் இருபுறமும் பிடிக்க வேண்டும். ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மரை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதையும் பாருங்கள்: விட்டத்தின் ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். அளவு சரிசெய்யும் அவசரத்தில் வெளியே சுழற்றிக்கொண்டே போய், நாலு மரையில் தொங்கிக்கொண்டிருந்த ராட் எண்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

போல்ட்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டுமா, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு வைத்துப் பார்த்தால் போதாதா?

பந்தய நாளில் டார்க் ரெஞ்சு போதும். பட்டறைக்கு வந்த பிறகு கழற்றத்தான் வேண்டும். நீண்டுபோன போல்ட்டும் டார்க் ரெஞ்சில் சில நேரம் சரியான எண்ணைக் காட்டிவிடும். கழற்றிய போல்ட்டில் புதிய சாதாரண நட்டை விரலால் சுழற்றுங்கள். தடையின்றி வந்த நட்டு ஓரிடத்தில் இறுகினால், அங்கே மரை இழுபட்டு நீண்டிருக்கிறது. மரையில்லாத தண்டில் நகம் தட்டுப்படும் படி விழுந்திருந்தால், போல்ட் பிராக்கெட்டுக்குள் அசைந்திருக்கிறது. போல்ட்டோடு பிராக்கெட்டின் துளையையும் வெர்னியரால் அளக்க வேண்டும்.

தலையில் தர எண் இல்லாத போல்ட்டை வண்டியில் எந்த இடத்திலும் போடாதீர்கள். 8.8 என்பதற்கு அறுபடும் வலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 விழுக்காட்டில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிகள் முக்கிய இணைப்புகளுக்கு 8.8 தரத்தைக் குறைந்த அளவாக வைத்து, நட்டுக்கு வெளியே இரண்டு முழு மரையாவது தெரிய வேண்டும் என்கின்றன. 12.9 போல்ட்டைத் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று உள்ளூர்க் கடையில் ஜிங்க் பிளேட்டிங் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, அவ்வளவு கடினமான எஃகை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். பூட்டிய மறுநாளே, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே தலை தெறித்து விழவும் கூடும். உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு விரலாலேயே சுழன்றால் குப்பையில் போடுங்கள். பிரேக் டிஸ்கை ஒட்டிய இடங்களில் நைலான் இளகிவிடும் என்பதால் முழு உலோக லாக் நட்டைப் பயன்படுத்துங்கள். இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு பிசகியிருப்பதைப் பத்தடி தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

வளைந்த விஷ்போனை நிமிர்த்திப் பயன்படுத்தலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வளைந்தபோது ஒரு முறை இழுபட்ட உலோகம் நிமிர்த்தும்போது மறுபடியும் இழுபடுகிறது. பார்வைக்கு நேராக இருந்தாலும் உள்ளே எஞ்சிய விசையும், வெல்டிங் ஓரத்தில் தொடங்கிய விரிசலும் அப்படியே இருக்கும். சூடுகாட்டி நிமிர்த்துவது இன்னும் மோசம், குறிப்பாகக் குரோம்மாலி என்னும் கலப்பு எஃகுக் குழாயில். வண்டி கட்டிய நாளில் செய்த ஜிக்கை, அதாவது வெல்டிங்குக்குக் குழாய்களைச் சரியான அளவில் பிடிக்கும் சட்டத்தை, பத்திரமாக வைத்திருந்தால் புதிய விஷ்போன் செய்வது ஒரு நாள் வேலை. போட்டி முடிந்ததும் ஜிக்கைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு வந்து நிமிர்த்தித் தரச் சொல்லும் அணிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

டேம்பரிலும் ஸ்பிரிங்கிலும் எதைப் பார்ப்பது?

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, டேம்பரின் தண்டைச் சற்றுச் சற்றுச் சுழற்றியபடியே முழு நீளத்துக்கும் கையால் அமுக்கி இழுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் தடை கூடினால் தண்டு வளைந்திருக்கிறது. குரோம் பூச்சில் ஒரு பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் தேய்மானம் தெரிவதும் அதையே சொல்லும். தண்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டிவிட்டால், டேம்பர் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அது காட்டும்; டை அடிவரை தள்ளப்பட்டிருந்தால், அந்த மூலையின் புஷ் ராடையும் ராக்கரையும் கழற்றிப் பாருங்கள். புஷ் ராடைக் கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டினால் வளைவு உடனே தெரிந்துவிடும். ஸ்பிரிங்கை அதே பலகையில் நிறுத்தி உயரத்தைப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

கார்பன் ஃபைபர் விஷ்போன்களுக்கு இவையெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. கார்பன் வளைந்து காட்டாது. உள் அடுக்குகள் பிரிந்தாலும் மேற்பரப்பு பளபளவென்றே இருக்கும். ஒரு நாணயத்தால் சீராகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும் அடுக்கு பிரிந்த இடத்தில் பொத்தென்றும் ஒலிக்கும். உலோக முனையும் கார்பன் குழாயும் ஒட்டும் பசைக் கோடுதான் பெரும்பாலும் முதலில் தளரும் என்பதால், அந்த எல்லையில் குறுக்கே மெல்லிய பெயிண்ட் கோடு ஒன்று போட்டுவையுங்கள்.

ஒரே நாளில் இரண்டு பந்தயங்கள். நடுவில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. என்ன செய்ய முடியும்?

முதலில் ஓட்டுநரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். எந்தக் கெர்பின் மேல் ஏறினார், எந்தச் சக்கரம் யாருடைய சக்கரத்தோடு உரசியது, நேர்ப்பாதையில் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பி நின்றது, பிரேக் பிடித்தால் எந்தப் பக்கம் இழுத்தது என்று கேளுங்கள். பிறகு வண்டியைத் தூக்கி, நான்கு மூலைகளிலும் இருவராக ஆட்டம் பாருங்கள். பெயிண்ட் கோடுகளைப் பாருங்கள். ரிம்மின் உட்புற விளிம்பைத் துடைத்துப் பாருங்கள், ஏனெனில் வெளிப்புறத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். டேம்பர் டைகள் எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு, இரு பக்க ஹப் தூரத்தையும் நூல் கட்டி டோவையும் எடுங்கள். பழகிய இருவருக்கு இதற்கெல்லாம் ஐம்பது நிமிடம் ஆகும். எண்கள் நோட்டில் உள்ளவற்றோடு ஒத்துப்போனால் வண்டியை விடலாம். ஒத்துப்போகாமல் காரணமும் பிடிபடாவிட்டால், இரண்டாவது பந்தயத்தை விட்டுவிடுங்கள். மாணவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது எளிதல்ல, ஆனாலும் சொல்லியிருக்கிறேன்.

மோதிய வண்டியில் எதுவரை பிரித்துப் பார்க்க வேண்டும்?

உடைந்த பாகத்தோடு நிறுத்திவிடக் கூடாது. விசை டயரில் நுழைந்து, ரிம், ஹப், அப்ரைட், விஷ்போன், ராட் எண்ட், பிராக்கெட், சட்டகக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போயிருக்கிறது. அதே வழியில் நீங்களும் போக வேண்டும். பலவீனமான பாகம் முறிந்திருந்தால் அதற்கு அப்பால் இருப்பவை தப்பியிருக்கலாம். எதுவும் முறியாமல் தாங்கிக்கொண்ட வண்டியில்தான் எனக்கு அச்சம் அதிகம், ஏனெனில் அந்த இடி முழுவதும் சட்டகம்வரை சென்றிருக்கிறது. பிராக்கெட்டைச் சுற்றிய பெயிண்டில் சிலந்திவலை போன்ற கீற்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டீயரிங் ராக்கின் வழியே இடி எதிர்ப்பக்கத்துக்கும் போயிருக்கும் என்பதால், ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை மோதாத பக்கத்திலும் கழற்ற வேண்டும். இடிபட்ட மூலையின் ராட் எண்டுகளையும் போல்ட்டுகளையும் நான் சோதிப்பதே இல்லை, நேராக மாற்றிவிடுகிறேன்.

குட்டி யானையில் வண்டியை ஏற்றிச் செல்லும்போதும் சேதம் வருமா?

வரும். வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அந்தத் தொலைவு முழுவதும் வண்டி குலுங்கிக்கொண்டே போகிறது. பெல்ட்டை விஷ்போனின் நடுவில் போட்டு ரேச்சட்டால் இறுக்குவதை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். நீளவாக்கில் இழுவையையும் அமுக்கத்தையும் தாங்கவே செய்யப்பட்ட குழாய் அது. நடுவில் பக்கவாட்டாக இழுத்தால் மெல்லிய சுவர் நசுங்கும், நசுங்கிய இடம் பிறகு அமுக்கம் வரும்போது மடங்கும். பெல்ட்டை ரிம்மின் கைகளின் வழியாகவோ டயரைச் சுற்றியோ போடுங்கள். வேறு வழியில்லாதபோது சட்டகக் குழாய்கள் சந்திக்கும் மூலையில், அடியில் கனத்த தோல் துண்டு வைத்துக் கட்டுங்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் வெட்டுத் துண்டு மலிவாகக் கிடைக்கும். தடத்தில் இறக்கியதும், பயிற்சிச் சுற்றுக்கு விடும் முன், நூல் கட்டி டோவை ஒரு முறை எடுத்து, தேதியோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய பந்தயத்துக்குப் பிறகு ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான்.